போயா நாளில் சிரமதானம்

அன்புள்ள ஐயா,

கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊழியர்கள் சமூகத் தொண்டில் ஈடுபட வேண்டும் என்று கொழும்புத் தலைமை அலுவலகம் சொல்கிறது. போன போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, ஒரு பாடசாலை வளவில் சிரமதானம் ஒழுங்கு செய்தோம். 60 பேரில் 10 பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் படம் எடுத்ததும் புறப்பட்டுவிட்டார்கள். சான்றிதழ், வருட மதிப்பீட்டில் புள்ளி என்று ஏதாவது கொடுத்தால் வருவார்களா? எங்கள் சனத்துக்கு ஆர்வமே இல்லையோ என்று கவலையாக இருக்கிறது.

வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சி,

ஆர்வம் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊர்கள் வெள்ளத்தில் கிடந்தபோது, எத்தனை வீட்டுச் சனம் உலை வைத்து, சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு ஓடியது! செத்தவீட்டுக்குப் பந்தல் போடவும், வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கவும் இங்கே யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

நீங்கள் கேட்ட நாள்தான் பிழை. கிழமை முழுக்க வேலை செய்கிறவருக்குப் போயா என்பது உடுப்புத் தோய்க்க, தோட்டத்தைப் பார்க்க, தாய் வீட்டுக்குப் போய்வரக் கிடைக்கும் நாள். அன்றைக்கு வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதே நாளைத் தொண்டு என்ற பெயரில் சும்மா கேட்டால் யார் வருவார்? நிறுவனத்துக்கு மனம் இருந்தால் தன் நேரத்தைக் கொடுக்கட்டும். மாதத்தில் அரை நாள், சம்பளத்தோடு, சொந்த லீவில் கழிக்காமல்.

மதிப்பீட்டில் புள்ளி வேண்டவே வேண்டாம். புள்ளி வந்தால் கட்டாயமும் கூடவே வந்துவிடும். கட்டாயம் என்றால் என்னவென்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உங்கள் ஊழியர்களில் பலர் போர்க்காலத்தில் வளர்ந்த பிள்ளைகள். வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் நியமனம் வரும் என்று நம்பி வருடக்கணக்கில் படிப்பித்து, கடைசியில் அதற்காகப் போராட இறங்கியதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடாது. அந்த உறுதி வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், என்ன செய்வது என்பதை அவர்களிடமே கேளுங்கள். பாடசாலை வளவில் புல் வெட்ட எல்லோராலும் முடியும். உங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவருக்குத் தெரிந்த வேலை அதைவிடப் பெரியது. எந்த ஊரிலும் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கும். பொருளாளர் அக்காவிடம் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு சொப்பிங் பையில் கிடக்கும். சந்தா எது, உறுப்பினருக்கு மாறி மாறிக் கொடுக்கும் சுழற்சிக் கடனில் திரும்பி வந்த காசு எது என்று பிரித்து எழுதாததால் மீதி இடிக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்கினால் அந்த மனிசிக்கு நித்திரை வராது. ஒரு நூறு ரூபாய் இடித்தாலும் ஊர் கதைக்கும். கணக்குத் தெரிந்த ஒருவர் மாதத்தில் ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து, பேனையை அக்காவின் கையிலேயே கொடுத்து எழுத வைத்தால், சில மாதங்களில் அவர் தனியாகவே எழுதுவார். தனியார் கடன் நிறுவனங்களுக்குக் கிழமைக்குக் கிழமை கட்டிக் களைத்த பெண்களுக்கு, தங்கள் கடன் புத்தகத்தில் வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்று வாசித்துக் காட்டவும் இப்படி ஒருவர் தேவை. இதற்குப் படமெடுக்கிறவர் வரவேண்டாம். அவர்களின் கடன் கதை உங்கள் முகநூலுக்கு உரியதல்ல.

இரத்த தானம், சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் என்று வேறு யோசனைகளும் வரும். எல்லாம் நல்லதுதான். ஒரே ஊரோடு ஒரு வருடமாவது நிற்பீர்கள் என்றால் இன்னும் நல்லது.

தலைமை அலுவலகத்துக்கு எழுதும்போது அரை நாள் சம்பளத்தோடு போக்குவரத்துச் செலவையும் கேளுங்கள். பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டு முத்தையன்கட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய பிள்ளைக்கு ஓட்டோக் காசு யார் கொடுப்பது என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.