பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டைக் கதையில் எழுதுவது: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய பட்டறைக்கு வந்த சிறுகதைகளில் பாதிக்கு மேல் ஒரு பிள்ளை செத்துப்போகிறது. தோட்டத்துக் கதை என்றால் யாராவது சாகத்தான் வேண்டும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், வேறு வேலை இல்லாமல் கதை படிக்கிறவள் என்பதால் கேள்விகளை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, வந்த வரிசையிலேயே போவோம்.

டீச்சர், என் கதை பழைய ரப்பர் தோட்டத்தில் நடக்கிறது. மகனைப் புதைத்த மூன்றாம் நாளே அப்பா பால் வெட்டப் போய்விடுகிறார். படித்தவர்கள் எல்லாம் "இப்படி ஒரு கல்நெஞ்சனா" என்கிறார்கள். மாற்றிவிடவா?

மாற்றாதே தம்பி. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அதனால் இருட்டு பிரியும்போதே மரத்தடியில் நிற்கவேண்டும். பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, வராதவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை, காரியத்துக்கு மளிகைக் கடையில் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். அந்த அப்பா போகத்தான் செய்வார். உன் கதையில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அவரைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டு நீ வீட்டிலேயே உட்கார்ந்து அம்மா அழுவதை மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அவர் கூடவே மர வரிசைக்குள், அந்த நிரைக்குள் போ. வழக்கமாகக் கை தானாக ஓடுகிற மனிதர், அன்றைக்குக் கத்தியைக் கொஞ்சம் அழுத்திவிடுகிறார், பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டுவிடுகிறது. அப்படிக் காயம் பட்ட இடத்தில் பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாகத்தான் வரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது, அதற்குத்தான் கங்காணி அந்தத் திட்டு திட்டுவார். அன்றைக்குக் கங்காணி வந்து பார்க்கிறார், காயத்தைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த நிரைக்குப் போய்விடுகிறார். இது போதும். தயவுசெய்து அந்த மரத்தை மனசுக்கு உவமையாக்கி ஒரு வரி சேர்த்துவிடாதே, வாசகருக்கும் கொஞ்சம் வேலை வை.

மேடம், துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டாமே? மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. என் நாவலை அப்படியே ஐந்து பாகமாகப் பிரித்திருக்கிறேன்.

பிரித்ததைச் சேர்த்துவிடுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்தையும் எழுதியது சாகப்போகிற நோயாளிகளோடு பேசிப் பார்த்து. பிள்ளையை இழந்தவர்களை வைத்து அல்ல. பிறகுதான் எல்லாத் துக்கத்துக்கும் அதை நீட்டினார்கள், அவரும் கடைசிக் காலத்தில் இவை வரிசையாக வருபவை அல்ல என்று சொன்னார். ஒரே வீட்டில் ஒரே ராத்திரியில் ஒருவருக்குக் கோபமும் இன்னொருவருக்குப் பசியும் இருக்கும். பசி என்று நான் சும்மா சொல்லவில்லை. சாவு வீட்டில் பசிக்கிறதே என்று வெட்கப்படுகிற பாத்திரத்தை ஒருவராவது எழுதமாட்டீர்களா என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒப்பாரியை அப்படியே எழுதலாமா அக்கா? எங்கள் பாட்டி பாடியது பதிவாகவே இருக்கிறது.

எழுதலாம், ஆனால் அளவாக. நம் ஆட்கள் அரிச்சந்திரன் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள், மயான காண்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள், புலம்புகிறாள், கூட்டமும் சேர்ந்து அழுகிறது. ஆனால் வயிற்றைப் பிசைகிற இடம் அந்தப் புலம்பல் அல்ல. காவல்காரனாக நிற்கும் அரிச்சந்திரன் முழத்துண்டும் கால் பணமும் கொடு என்று கேட்கிறானே, அதுதான். செத்தது தன் பிள்ளை என்று தெரிந்த பிறகும் கூலியை விடமுடியவில்லை அவனால். எந்தக் காலத்தில் யார் செய்தார்களோ, துக்கத்துக்கு நடுவில் ஒரு கணக்கு வழக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் கதை நிற்கிறது. பாட்டியின் ஒப்பாரியில் நாலு வரி போடுங்கள். ஐந்தாவது வரியில் யாராவது வந்து பந்தலுக்கு நாற்காலி எத்தனை வேண்டும் என்று கேட்கட்டும்.

இப்போது ஏது தோட்டம்? நாங்கள் தாமானில், டவுன் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறோம். என் கதையில் பையன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போகிறான். இதில் தோட்டத்துக் கதை மாதிரி அழுத்தம் வரமாட்டேன் என்கிறது லா.

ஏன் வராது? அந்த மோட்டாருக்கு மாதத் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், தெரியுமா? வண்டி நசுங்கிப் போலீஸ் நிலையத்தில் கிடக்கும், கடன்காரர்கள் அவன் பெயரைச் சொல்லிப் போன் போடுவார்கள். அடையாள அட்டையைப் பதிவு இலாகாவில் ஒப்படைக்கவேண்டும். கொடுப்பதற்கு முன்னால் அந்த முகத்தை அம்மா கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்கிறாள், வெளிச்சம் பட்டுப் படம் சரியாக விழவில்லை, மறுபடி எடுக்கிறாள், முகப்பில் வரிசை எண் கூப்பிடுகிறார்கள். இதைவிட என்ன அழுத்தம் வேண்டும்? தோட்டத்துப் பழைய லயத்து வீடுதான் சோகத்துக்கு ஏற்ற இடம், தாமான் வீடு ஆகாது என்கிற நினைப்பை விடுங்கள்.

சங்கப் பாட்டுத் தாய் அழவே இல்லையே?

புறநானூறு 278ஐச் சொல்கிறீர்கள். மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டு, வாளோடு போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடந்தவனைக் கண்டு பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்ந்தாள் என்கிறது பாட்டு. வீரத்தைப் போற்ற எழுந்த பாட்டு, அப்படித்தான் முடியும். கதைக்காரருக்கு வேண்டியது கடைசி வரி அல்ல, அவள் பிணங்களைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம். பாட்டு அங்கே நிற்காமல் கடந்துவிடுகிறது, நீங்கள் நில்லுங்கள்.

பிள்ளை போனபிறகு புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிடுவதாகத்தான் நிறையப் படங்களில் காட்டுகிறார்கள். உண்மையா?

எண்பது தொண்ணூறு சதவீதம் பேர் பிரிகிறார்கள் என்று ஒரு பேச்சு ரொம்ப காலமாக ஓடுகிறது. அமெரிக்காவில் பிள்ளையை இழந்த பெற்றோருக்கான அமைப்பு ஒன்று 2006இல் கேட்டுப் பார்த்தபோது வந்தது 16 சதவீதம்தான். ஆகவே பிரிவு என்பது திரைக்கதைக்கு வசதியான கதவு, அவ்வளவுதான். பிரியாமல் ஒரே கூரையின் கீழ் இருப்பதை எழுதுவது கஷ்டம். 'ஹேம்நெட்' நாவலில் மேகி ஓ'ஃபாரல் அதைச் செய்திருக்கிறார். ஷேக்ஸ்பியரின் மகன் ஹேம்நெட் 1596இல் பதினொரு வயதில் இறந்தான், எதனால் என்று பதிவு இல்லை, நாவலில் பிளேக். அப்பா லண்டனுக்கு வேலைக்குத் திரும்பிவிடுகிறார், அம்மாவால் அதைப் பொறுக்கமுடியவில்லை. முதல் கேள்வித் தம்பியின் பால் வெட்டுக்காரர் மாதிரியே ஒருவர்தான் அவரும்.

மிச்சம் இருக்கிற பிள்ளையை எப்படிக் காட்டுவது டீச்சர்?

நீங்கள் அனுப்பிய கதைகளில் அவன் வாசற்படியில் உட்கார்ந்து "அண்ணன் எப்பம்மா வரும்?" என்று கேட்பதோடு சரி. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதைவிட அதிகம் தெரியும். அடுத்த வருஷம் பள்ளி திறக்கிறது, அண்ணனின் வெள்ளைச் சட்டை இவனுக்கு வருகிறது, புதுசு வாங்கக் காசில்லை, அல்லது காசு இருந்தும் அம்மாவுக்குத் தூக்கிப்போட மனசில்லை. நெஞ்சில் தைத்திருந்த பெயர்ப்பட்டையை ஊசியால் பிரித்துவிட்டு இவன் பெயரைத் தைக்கிறாள், இவன் பெயர் சின்னது, சுற்றிலும் பழைய தையலின் ஓட்டை தெரிகிறது. வகுப்பில் பக்கத்துப் பையன் அதைத் தடவிப் பார்க்கிறான். அப்புறம் இவனுக்குக் கிடைக்கிற லாபத்தையும் எழுதுங்கள், கட்டில் தனியாகக் கிடைக்கிறது, சைக்கிள் கிடைக்கிறது, அதில் வருகிற சந்தோஷத்தை மறைக்கிறான்.

என் மகன் போய் வருஷம் திரும்பிவிட்டது. இந்த மாதிரிக் கதைகளைப் படிக்கலாமா, வேண்டாமா?

அக்கா, உங்களுக்கு வேண்டும் என்று தோன்றினால் படியுங்கள், பாதியில் மூடிவைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இதைப் படித்தால் மனசு ஆறும் என்று யாராவது புத்தகத்தைக் கையில் திணித்தால் வாங்கவேண்டாம். என்னை உங்களுக்குத் தெரியும், சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். அவனைப் பற்றிப் பேசவேண்டுமானால் வாங்க, கதை பற்றிப் பேசவேண்டாம்.

கடைசியில் அந்த அம்மாவுக்கு இன்னொரு ஆண்குழந்தை பிறப்பதாக முடித்திருக்கிறேன். நன்றாக இருக்கிறதா?

இல்லை.

ஒரே ஒரு கதை படிக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

ருஷ்ய எழுத்தாளர் செக்காவ் 1886இல் எழுதிய வண்டிக்காரன் கதை. மகன் செத்து ஒரு வாரம் ஆகப்போகிறது, பனியில் சவாரி ஏற்றுகிற யோனா ஒவ்வொருவரிடமும் சொல்லப் பார்க்கிறான், ஒருவரும் காது கொடுப்பதில்லை, கடைசியில் தன் குதிரையிடம் சொல்கிறான். எல்லாருக்கும் குதிரைதான் ஞாபகம் இருக்கும். எனக்கு நடுவில் வருகிற ஒரு பட்டியல்: பையன் எப்படி நோயில் விழுந்தான், சாகும்முன் என்ன சொன்னான், அடக்கம் எப்படி நடந்தது, மகனின் துணிகளை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனது, இதையெல்லாம் முறையாகச் சொல்லவேண்டும் என்று அவன் நினைக்கிறான். ஆஸ்பத்திரியில் துணி வாங்கப் போன அந்த நடையை மட்டும் வைத்துக்கொண்டு நம் ஊர்க் கதை ஒன்று எழுதிவாருங்கள், அடுத்த சந்திப்பில் வாசிப்போம். தமிழில் இருக்கிற பிரதி வட்டத்து அலமாரியில்தான் இருந்தது, யாரோ எடுத்துப்போய்த் திருப்பவில்லை. எடுத்தவர் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.