போலரைஸ்டு கண்ணாடி எந்தக் கூச்சத்துக்கு உதவும்?

கேள்வி: தினமும் காலை, மாலை இரண்டு வேளையும் கார் ஓட்டுகிறேன். மழை ஓய்ந்த சாலையும், முன்னால் போகும் வண்டியின் பின்கண்ணாடியும் கண்ணைக் கூச வைக்கின்றன. பவர் கண்ணாடி போடுபவன். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வாங்கினால் சரியாகுமா? இரவில் எதிரே வரும் ஹெட்லைட்டுக்கும் அதையே போடலாமா?

பதில்: இரவு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். போடக் கூடாது. கூலிங் கிளாஸ் எதுவானாலும் ஹெட்லைட்டோடு சேர்த்து, சாலையோரம் இருட்டில் நடந்து போகிறவரையும் மங்கலாக்கிவிடும். இரவுப் பயணத்துக்கென்றே விற்கும் மஞ்சள் கண்ணாடியும் அப்படித்தான். போட்டதும் பளிச்சென்று இருப்பதுபோல் தோன்றும், ஆனால் கண்ணுக்கு வரும் ஒளி குறைந்துதான் இருக்கும். இரவுக் கூச்சம் தொந்தரவாக இருந்தால் பவர் மாறியிருக்கிறதா, கண்புரை தொடங்கியிருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், காரின் முன்கண்ணாடியை உள்பக்கமாக ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் மெல்லிய படலமே பாதிக் கூச்சத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

சரி, பகலுக்கு வருவோம். சூரிய ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. ஈரச் சாலையிலோ கண்ணாடியிலோ சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது அதில் கிடைமட்டமாக அதிரும் பங்கு கூடிவிடுகிறது. தண்ணீரின் மேல், செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பட்டால், தெறிப்பது கிட்டத்தட்ட முழுவதும் அந்த வகைதான். போலரைஸ்டு லென்ஸ் அதைத்தான் தடுக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டு கூச்சங்களும் இந்த ரகம் என்பதால் உங்களுக்குக் கண்டிப்பாகப் பலன் தெரியும். டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் திரைபோலப் படிந்து தெரியுமே, அதுவும் நன்றாகக் குறையும்.

ஆனால் காலையிலும் மாலையிலும் தாழ்வாக நின்று நேரே கண்ணில் அடிக்கும் சூரியனிடம் இதற்குத் தனி வித்தை எதுவும் இல்லை. அந்த ஒளி எதிலும் பட்டுத் தெறித்து வருவதல்ல. அங்கே அதே அளவு கருமையுள்ள சாதாரணக் கூலிங் கிளாஸும் இதுவும் ஒன்றுதான். சன் வைசரை இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். குரோமியப் பட்டைகளின் மினுமினுப்பும் பெரிதாகக் குறையாது, உலோகத்தில் தெறிக்கும் ஒளியின் குணம் வேறு.

வாங்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான்: போலரைஸ்டு என்று எழுதியிருந்தால் புற ஊதாக் கதிர் பாதுகாப்பும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. 'யூவி 400' என்ற குறிப்பு தனியாக இருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாத கறுப்பு லென்ஸ் வெறுங்கண்ணைவிட மோசமாகலாம்; இருட்டில் கண்மணி விரிந்து கதிரை அதிகமாக உள்ளே விடும். கார் முன்கண்ணாடி பெரும்பகுதியைத் தடுத்தாலும் பக்கக் கண்ணாடிகளை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

கருமைக்கு 0 முதல் 4 வரை வகை எண் உண்டு. நல்ல வெயிலுக்கு வகை 3, அதாவது 8 முதல் 18 சதவீத ஒளியை உள்ளே விடுவது. மேகமூட்டமான நாட்களில் அதிகம் ஓட்டுபவருக்கு வகை 2 போதும். வகை 4 வண்டி ஓட்டவே ஆகாது. நிறத்தில் என் ஓட்டு சாம்பலுக்கு, சிக்னல் நிறங்கள் மாறாமல் தெரியும். பழுப்பும் நல்லதுதான், மங்கலான நாளில் காட்சியைத் துலக்கமாகக் காட்டும். நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் புகைப்படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் இருப்பதால் போலரைஸ்டு லென்ஸிலேயே பவர் போட்டு வாங்குவது நல்லது. செலவு கூடுதல் என்றால் பவர் கண்ணாடி மேலேயே மாட்டும் கிளிப்-ஆன் பரவாயில்லை, சுரங்கப்பாதை வந்தால் சட்டென்று தூக்கிவிடக்கூடிய மாடலாகப் பாருங்கள். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸைக் காருக்கென்று வாங்காதீர்கள். அதைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிரை முன்கண்ணாடியே தடுத்துவிடுவதால் அவற்றில் பெரும்பாலானவை உள்ளே சரியாகக் கறுக்காது. ஃபிரேமின் காது தண்டு அகலமாக இருந்தால் பக்கத்தில் முந்திவரும் வண்டி மறையும், அதையும் கவனியுங்கள்.

கடையில் சோதிக்க ஒரு எல்சிடி மானிட்டர் போதும். கண்ணாடியை அதன் முன்னால் பிடித்து மெதுவாக அரைச் சுற்று திருப்புங்கள். நடுவில் ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டே ஆக வேண்டும், இரண்டு லென்ஸிலும் ஒரே நேரத்தில். அப்புறம் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் காரிலேயே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். சில டேஷ்போர்டுத் திரைகள் இதில் இருண்டுபோகும், முன்கண்ணாடியில் வேகத்தைக் காட்டும் வசதி இருந்தால் அது மறைந்தே போகலாம். பின்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் திட்டுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது கடினமாக்கிய கண்ணாடியின் இயல்பு, லென்ஸின் கோளாறு அல்ல.