‘விண்டோ’ பிறந்த கதை: கேள்வி பதில்

கேள்வி: ‘விண்டோ’வுக்குள் ‘விண்ட்’ இருக்கிறதே, தற்செயலா?

பதில்: இல்லை. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் சன்னலுக்குப் பெயர் ‘விண்டவ்கா’. விண்ட் என்றால் காற்று, அவ்கா என்றால் கண். காற்றுக்கண்! கண்ணாடி இல்லாத வீட்டில் சுவரிலோ கூரையிலோ ஒரு துளை. புகை வெளியே போகும், காற்று உள்ளே வரும். வைக்கிங்குகள் 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேச்சு வழியாக வந்த சொல், ஆங்கில எழுத்தில் 13ஆம் நூற்றாண்டில்தான் தென்படுகிறது. அதற்கு முன் ஆங்கிலேயர் சொன்னது ‘ஏயக்திர்ல்’, அதாவது கண்துளை. அந்தத் ‘திர்ல்’ இன்னும் சாகவில்லை. மூக்குத்துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’லின் வாலைப் பாருங்கள், அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஜெர்மனில் மட்டும் ஏன் ‘ஃபென்ஸ்டர்’?

பதில்: லத்தீன் ‘ஃபெனெஸ்ட்ரா’விடம் வாங்கிய கடன். டச்சிலும் ஸ்வீடிஷிலும் அதே கடன் உண்டு. காற்றுக்கண்ணை விடாமல் வைத்திருப்பவை டேனிஷும் நார்வீஜியனும்.

கேள்வி: ‘எய்ட்’ நம் ‘எட்டு’தானே?

பதில்: இல்லை. அழிந்துபோன பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கில் அதன் உறவுச்சொல் ‘அஹ்தவ்’. லத்தீன் ‘ஆக்டோ’வும் அதற்கு உறவு. நம் வேர் ‘எண்’: எண்பது, எண்ணூறு. இன்றைய ஒலியை நம்பாதீர்கள், பழைய வடிவத்தைத் தேடுங்கள்.

கேள்வி: ‘விடோ’வும் ‘விண்டோ’வும் உறவா?

பதில்: உறவே இல்லை. ‘விடோ’வுக்குச் சொந்தம் லத்தீன் ‘விதுவா’, சமஸ்கிருத ‘விதவா’. நாம் சொல்லும் விதவை அந்தச் சமஸ்கிருதச் சொல்தான்.

கேள்வி: சிலப்பதிகாரத்தில் ‘காலதர்’ வருகிறது. கால் காற்று, அதர் வழி. ‘விண்டோ’ அதன் மொழிபெயர்ப்பாக இருக்கலாமே?

பதில்: அருமையான சொல்லை நினைவூட்டினீர்கள். புகார் நகர மாளிகைகளின் சன்னலை இளங்கோ ‘மான்கட் காலதர்’ என்கிறார். மானின் கண் போன்ற சன்னல். காற்றும் கண்ணும் ஒரே தொடரில்! ஆனாலும் இரண்டுக்கும் உறவு கிடையாது.

கேள்வி: இவ்வளவு ஒற்றுமை சும்மா வருமா?

பதில்: வரும். சுவரில் துளை போட்டவன் எந்த ஊரானாலும் அதில் கண்ணைத்தான் பார்த்திருக்கிறான். சமஸ்கிருதக் ‘கவாக்ஷம்’ மாட்டுக்கண். கோத்திக் ‘அவ்கதவ்ரோ’ கண்கதவு. ஒரே காட்சி, தனித்தனிச் சொற்கள். மொழிபெயர்ப்பு என்றால் யார், எங்கே, எப்போது கேட்டு எடுத்தார் என்று காட்ட வேண்டும்.

கேள்வி: ‘நைன்’, ‘ஒன்பது’ உறவா?

பதில்: எட்டுக்குச் சொன்னதேதான். பழைய வடிவத்தைப் பாருங்கள்.

கேள்வி: சரி, ‘ஜன்னல்’?

பதில்: போர்ச்சுகீசிய ‘ஜனேலா’. அப்புறம் உள்ள விவரத்தை அந்த மொழி படித்தவரிடம் கேளுங்கள்.