40ஆவது நிமிடம்

அன்புள்ள ஐயா,

திருமணமாகி 11 ஆண்டுகள் கழித்துப் பிறந்த மகன். இப்போது 6 வயது. கேட்டதையெல்லாம் கொடுத்தே வளர்த்துவிட்டோம். கைபேசியைத் திருப்பிக் கேட்டால் தரையில் புரண்டு அழுகிறான். நேற்று என் மனைவியை அடித்துவிட்டான். கண்டிப்பாக இருக்க ஒரு வாரம் முயன்றோம். அழுகை இரட்டிப்பானதுதான் மிச்சம், விட்டுவிட்டோம். அடிக்க மனம் வரவில்லை. இனித் திருத்த முடியுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். அடிக்கவும் வேண்டாம். ஆனால் அழுகை இரட்டிப்பாகும் இடத்தில்தான் பெற்றோர் தோற்கிறோம். நானும் தோற்றிருக்கிறேன்.

என் மகளுக்கு அப்போது 5 வயது. படுக்கும் நேரத்தில் கார்ட்டூன் கிடையாது என்று சொல்லிவிட்டு அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அலறினாள். நடுநடுவே நிறுத்தி, நான் இருக்கிறேனா என்று விரலிடுக்கில் பார்த்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். 40ஆவது நிமிடத்தில் பொறுமை தீர்ந்து கார்ட்டூனைப் போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு நேரம் அழ வேண்டும் என்று அன்று நானே அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். மறுநாள் அதற்கு ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் கண்டது இது. கூண்டிலுள்ள விசையைத் தட்டும்போதெல்லாம் தீனி கிடைத்த பிராணி, தீனி நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போதாவது கிடைத்துப் பழகியது லேசில் விடாது. (பிள்ளையைப் புறாவோடு ஒப்பிட்டதற்கு உங்கள் மனைவி மன்னிப்பாராக.) தீனி நின்ற புதிதில் வேகமாகத் தட்டிப் பார்ப்பதும் உண்டு. உங்கள் வீட்டில் அந்த வாரம் நடந்தது பெரும்பாலும் அதுதான்.

கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் முறை கேட்கும்போதே முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். மறுப்பதென்றால், வீட்டில் எல்லாரிடமும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கி வைத்ததைப் பாட்டி எடுத்துக் கொடுத்தால் எல்லாம் வீண். இப்போதைக்குக் கைபேசி விஷயத்தில் மட்டும் கண்டிப்பு போதும், மற்றவை பிறகு. நேரம் முடிய 5 நிமிடம் இருக்கும்போது ஒரு முறை சொல்லுங்கள். அழும்போது விளக்கம் சொல்லாதீர்கள், அருகில் மட்டும் இருங்கள். கை ஓங்கினால் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

அடிக்க மனம் வராதது குறையல்ல. 1960களில் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார். அதட்டி அடக்குபவர்கள், எதற்கும் இணங்குபவர்கள், பாசமும் குறையாமல் சொன்ன சொல்லும் மாறாமல் இருப்பவர்கள். தன்னம்பிக்கையும் தன்னடக்கமும் மிகுந்த பிள்ளைகளை அவர் கண்டது மூன்றாம் வகை வீடுகளில்.

என் மகள் விஷயத்தில் இரண்டாம் முயற்சிக்கு 9 இரவுகள் ஆயின. மூன்றாவது இரவுதான் மிக மோசம்.