ஹீட்டருக்கு ஒரு கணக்கு, மோட்டாருக்கு ஒரு கணக்கு: கேள்வி பதில்

கோவையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

வோல்டேஜும் கரண்டும் தெரிந்தால் ரெசிஸ்டன்ஸ், வாட்ஸ் கண்டுபிடிப்பது எப்படி சார்?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வகுத்தால் சுமார் 53 ஓம், பெருக்கினால் 1000 வாட். அப்புறம், ஓம் அளக்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு அளங்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்து லைனில் குத்தாதீர்கள்.

100 வாட் குண்டு பல்பை அளந்தால் 40 ஓம்கூட வரவில்லை. கணக்குப்படி 529 வர வேண்டுமே அண்ணா? மீட்டர் போச்சா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் அளந்தது பல்புக்குள் ஆறிக் கிடக்கும் டங்ஸ்டன் இழை. எரியும்போது 2500 டிகிரி வாக்கில் சூடேறி ரெசிஸ்டன்ஸ் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். சுவிட்ச் போட்ட கணத்தில் அரை ஆம்பியர் பல்பு ஆறு ஆம்பியர் வரை இழுக்கும். பழைய பல்பு பெரும்பாலும் அந்த நேரம் பார்த்து ஃப்யூஸ் ஆவது அதனால்தான். அயர்ன் பாக்ஸில் சூடேறும் நிக்ரோம் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் அவ்வளவாக மாறாது. அங்கே மீட்டரும் கணக்கும் ஒத்துப்போகும்.

2000 வாட் கெய்சர். பிளக் டாப்பில் ஒரு பின் மட்டும் கறுத்து, பிளாஸ்டிக் உருகிவிட்டது. கெய்சர் அதிகக் கரண்ட் இழுக்கிறதா?

இல்லை, அது 8.7 ஆம்பியர்தான் இழுக்கிறது. ஒரு பின் மட்டும் கறுத்திருக்கிறது என்றால் அங்கே ஸ்க்ரூவோ சாக்கெட்டின் பிடிப்போ லூஸ். லூஸான இடத்தில் அரை ஓம் இருந்தால் என்ன ஆகும்? ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்குங்கள்: 8.7 × 8.7 × 0.5, கிட்டத்தட்ட 38 வாட். 25 வாட் சால்டரிங் அயன் ஈயத்தை உருக்குகிறது, இது அந்தச் சின்னப் பின்னுக்குள் 38 வாட்! என் பட்டறையிலேயே இப்படி ஒரு சாக்கெட் புகைந்தது. ஒரு மாதமாக மீன் கருகின மாதிரி வாடை வந்தும் நான் கண்டுகொள்ளவில்லை. பிளக்கோடு சாக்கெட்டையும் மாற்றுங்கள், 16 ஆம்பியர் போடுங்கள். பிளக்கை மட்டும் மாற்றினால் திரும்பவும் உருகும்.

1500 வாட் ஹீட்டர் எத்தனை ஆம்பியர்?

வாட்டை 230-ஆல் வகுக்கவும். 6.5.

லோ வோல்டேஜில் கரண்ட் கூடுமா குறையுமா? எங்கள் எலக்ட்ரீஷியன் கூடும் என்கிறார்.

எந்தச் சாமானுக்கு என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? கெய்சருக்குக் குறையும். 180 வோல்ட் வந்தால் மேலே சொன்ன 2000 வாட் கெய்சர் 1225 வாட்டாகிவிடும். தண்ணீர் சூடாக நேரமாகும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் மும்முனை பம்ப்செட்டுக்குக் கூடும்.

ஓம் விதிப்படி வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையணும். விதி மோட்டாருக்குப் பொருந்தாதா? (பாலிடெக்னிக் மாணவர்)

தம்பி, காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஒன்றிரண்டு ஓம்தான். அதை மட்டும் வைத்து மும்முனை லைனின் 415 வோல்ட்டை வகுத்தால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் வரும். உண்மையில் 5 ஹெச்.பி. மோட்டார் ஏழரை ஆம்பியர் எடுக்கிறது. ஓடும் மோட்டாருக்குள் எதிர் வோல்டேஜ் உருவாகி லைனோடு மல்லுக்கு நிற்கிறது. லைன் 340-க்கு இறங்கினாலும் பம்ப் அதே தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். வேகம் கொஞ்சம் சறுக்கும், கரண்ட் ஒன்பதைத் தாண்டும், காயிலில் சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அப்புறம் அது என் பட்டறைக்கு வரும்.

அப்படியென்றால் சீலிங் ஃபேன் லோ வோல்டேஜில் கரண்ட் குறைத்து எடுக்கிறதே? அதுவும் மோட்டார்தானே?

நல்ல கேள்வி, இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஃபேனுக்குக் குறையத்தான் செய்யும். அது வோல்டேஜ் இறங்கினால் வேகம் நிறையச் சறுக்கும்படி செய்த மோட்டார். வேகம் பாதியானால் காற்றைத் தள்ளும் பாரம் கால்வாசி ஆகிவிடும்.

பம்பும் ஃபேன் மாதிரிதானே சுற்றுகிறது? மடக்கிவிட்டேனா அண்ணே?

இல்லை. நிமிடத்துக்கு 3000 சுற்று கணக்குள்ள மும்முனை மோட்டார், பாரத்தோடு 2880 சுற்றில் ஓடும். 340 வோல்ட்டில்கூட 2820-க்குப் பக்கத்தில் நிற்கும். 60 சுற்று குறைந்தால் பாரம் பெரிதாக எங்கே குறையப் போகிறது? ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினால் வேகம் பாதிக்கு வரும். வித்தியாசம் அதில்தான். நம்பாவிட்டால் ஸ்டார்ட்டரில் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விக் கரண்ட் காட்டும் மீட்டர்) மாட்டிப் பாருங்கள்.

750 வாட் மிக்ஸி எத்தனை ஆம்பியர்?

மேலே ஹீட்டருக்குச் சொன்ன மாதிரி 230-ஆல் வகுக்கவும். மிக்ஸி மோட்டார் என்பதால் கொஞ்சம் கூடவே வரும்.

12 வோல்ட் பேட்டரியில் 3 வோல்ட் எல்.இ.டி. எத்தனை ஓம் போடுவது?

மீதி 9 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்கு 450 ஓம். கடையில் 470 கிடைக்கும், கால் வாட் போதும்.

மல்டிமீட்டரில் சிவப்பு வயர் 10 ஆம்பியர் ஓட்டையில் இருந்தபோது பிளக்கில் வோல்டேஜ் பார்த்தேன். டமால் என்றது.

அந்த ஓட்டைக்குள் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்டப் பூஜ்யம். நீங்கள் லைனையும் நியூட்ரலையும் கம்பியால் கட்டிவிட்டீர்கள். கையில் காயமில்லையே?

1 டன் ஏ.சி. எத்தனை ஆம்பியர் சார்?

பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும். ஏணி போட்டுப் பாருங்கள்.