உப்புக்காற்றும் கறிவேப்பிலையும்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குத் தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த உம்ஷ்லங்காவில் கடலைப் பார்த்த வீடு. செப்டம்பரில் கறிவேப்பிலை துளிர்க்கும், உடனே கருகும். வடகிழக்கில் ஆறடிச் சுவர் எழுப்பியும் பயனில்லை. இந்த வசந்தத்தில் தோழி ஒருத்தி வருகிறாள். கடலோரத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்து பார்க்க ஆசை. எங்கே போகலாம், எதைக் கவனிக்கலாம்?

மீ.

அன்புள்ள மீ.,

டர்பன் தாவரவியல் தோட்டம் 1849-இல் தொடங்கியது. வசந்தத்தில் கிளைவியா பூத்திருக்கும், அவசியம் காட்டுங்கள். ஆனால் அது கடலை விட்டுத் தள்ளி, பெரியா மேட்டுச் சரிவில் இருக்கிறது. உங்கள் சிக்கலுக்கு விடை உங்கள் ஊர்க் கழிமுகக் காப்பகத்து மணல்மேட்டுக் காட்டில் இருக்கிறது. யாரும் நடாமலே அமைந்த காப்பான தோட்டம் அது.

பிற்பகலில் போங்கள், வடகிழக்குக் காற்று அப்போதுதான் வலுக்கும். ஒருவர் கடல்பக்கமும் மற்றவர் மரங்களுக்குள்ளும், பார்வை எட்டும் தூரத்தில், ஆளுக்கொரு ரிப்பனைப் பிடித்து நில்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு காற்றையும் பார்க்க இருவர் வேண்டும். பிறகு காட்டின் கடல்முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். முன்னால் தாழ்வான புதர்கள், பின்னால் காட்டுவாழையும் மில்க்வுட் எனப்படும் பால்மரங்களும். கத்தரித்து விட்டாற்போல் மேலேறும் சாய்வு. காற்று அதன்மேல் ஏறிப் போகிறது. உள்ளே புகுவதும் வேகம் இழக்கிறது. உப்பில் பெரும்பகுதி முன்வரிசை இலைகளிலேயே படிந்துவிடுகிறது.

சுவர் இதைச் செய்யாது. முட்டிய காற்று மேலே தாவி மறுபுறம் சுழன்று இறங்கும். கறிவேப்பிலையின் இளந்துளிரும் பலத்த காற்றும் ஒரே பருவத்தில் வருவதால் சேதம் கூடுகிறது. தடுப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவாவது இடைவெளி வேண்டும்.

சுவரை இடிக்க வேண்டாம். அதன் உள்புறம் அமாட்டுங்குலு என்ற நம் களாவின் இனத்தை ஒரு மீட்டர் இடைவெளியில், இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்றாக நடுங்கள். (பழுத்த பழத்தை மட்டும் உண்ணலாம்.) சுவருக்கு மேல் தலைநீட்டும் வரை 40 சதவீத நிழல்வலையைச் சுவரைவிட உயரமாகக் கட்டுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: இங்கே வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. தமிழ்நாட்டுக் கணக்கில் நட்டால் உங்கள் வேலியே செடிக்கு நிழலாகிவிடும். ஜூன் நண்பகலில் இரண்டு மீட்டர் வேலியின் நிழல் ஏறக்குறைய 2.7 மீட்டர் நீளும். கறிவேப்பிலையை வேலியிலிருந்து நான்கு முதல் ஆறு மீட்டர் தள்ளி வையுங்கள். காற்றுக்காப்பு அங்கும் தாராளமாக எட்டும், வேர்ப்போட்டியும் குறையும். மணல் மண்ணில் கம்போஸ்ட் கலந்து, ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் மூடாக்குப் போடுங்கள். அது தண்டைத் தொடக்கூடாது. பெருங்காற்று ஓய்ந்த அன்றே ஹோஸ்பைப்பில் நல்ல தண்ணீர் பிடித்து இலைகளைக் கழுவிவிடுங்கள்.

காட்டில் எதையும் ஒடிக்காதீர்கள். பால்மரங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கன்றுகளை நாட்டுச்செடி விற்கும் நர்சரியில் வாங்கலாம்.