சேலத்து வெயிலுக்கு எந்தப் புல்? புல்தரையும் தண்ணீரும்: கேள்வி பதில்

மார்ச் பிறந்தாலே போர் தண்ணீர் இறங்குகிறது, வாசல் புல் காய்கிறது. குறைந்த தண்ணீரில் பிழைக்கும் புல்லுக்கு மாறுவது பற்றி சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

அழகாபுரம்: அண்ணா, 1,000 சதுர அடியில கொரியன் புல் இருக்குதுங்க. தினமும் ஹோஸ் பிடிச்சும் ஏப்ரல்ல மஞ்சளாயிடுது. அருகம்புல்லுக்கு மாத்தினா எவ்வளவு தண்ணி மிச்சமாகும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். 1,000 சதுர அடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். தினமும் 5 மி.மீ. தெளித்தால் 465 லிட்டர், அதாவது மொட்டைமாடியில் இருக்கும் 500 லிட்டர் டேங்க் கிட்டத்தட்ட முழுதாகக் காலி. வாரத்துக்கு 3,250 லிட்டர். நன்றாக வேர்விட்ட அருகுக்குக் கோடையில் வாரம் ஒருமுறை 18 மி.மீ. கொடுத்தால் போதும், 1,700 லிட்டருக்குள் முடிந்துவிடும். பளபளவென்று இருக்காது, ஆனால் பச்சையாக இருக்கும்.

புல்லை மட்டும் மாற்றிவிட்டு, பழையபடி தினமும் தெளித்தால் ஒரு குடம்கூட மிஞ்சாது. தண்ணீர் மேல் இரண்டு அங்குலத்திலேயே கிடைத்தால் வேரும் அங்கேயே தங்கிவிடும். அந்த இரண்டு அங்குலம் பத்து மணி வெயிலிலேயே காய்ந்துவிடுகிறது. உங்கள் புல் மஞ்சளாவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். எனவே மாற்றுவதற்கு முன், இருக்கும் புல்லுக்கே தண்ணீர் விடும் முறையை மாற்றிப் பாருங்கள். முதலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, அப்புறம் நான்கு நாளுக்கு ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஆழமாக நனையுங்கள்.

அஸ்தம்பட்டி: 18 மி.மீ. விட்டாச்சுன்னு எப்படிங்க தெரியும்?

ஸ்பிரிங்க்ளர் என்றால், நேர்ச்சுவர் உள்ள தட்டையான டப்பாக்கள் ஐந்தாறு எடுத்துப் புல்லின் மேல் அங்கங்கே வையுங்கள். 15 நிமிடம் ஓடவிட்டு ஸ்கேலால் அளந்து சராசரி எடுங்கள். 6 மி.மீ. வந்தால் 45 நிமிடம் ஓட்ட வேண்டும். ஹோஸ் என்றால், 20 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, சதுர மீட்டருக்கு 18 லிட்டர் வீதம் எவ்வளவு நேரம் என்று கணக்கிடுங்கள்.

மறுநாள் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை மண்ணில் அழுத்துங்கள். ஆறு அங்குலம் சுலபமாக இறங்கினால் நனைந்தது போதும். மண் குடிக்காமல் தண்ணீர் வாசலுக்கு ஓடினால் உடனே நிறுத்துங்கள். அரை மணி நேரம் விட்டு மீதியை விடுங்கள். நேரம் அதிகாலைதான். மதிய வெயிலிலும் காற்றிலும் நிறைய வீணாகும். ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும்.

ஃபேர்லேண்ட்ஸ்: நர்சரியில பெர்முடா, கொரியன், மெக்சிகன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எதை வாங்கறது?

முழு வெயில் இடத்துக்கு பெர்முடா. அது நம் அருகம்புல்லின் சாதிதான்; செலக்ஷன் 1 என்று விற்பது அதில் மெல்லிய இலை வகை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் இல்லாவிட்டால் மெலிந்து போகும். கொரியன் வறட்சியில் சீக்கிரம் சாகாது, உண்மைதான். ஆனால் பச்சையாக நிற்க அருகைவிட அதிகம் கேட்கும். மூடிப் பரவ நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நாளாக ஆக மேடு மேடாகத் திரண்டு, அடியில் காய்ந்த சருகு மெத்தையாகச் சேரும். அந்த மெத்தை அரை அங்குலத்தைத் தாண்டினால் தண்ணீர் மண்ணுக்குப் போவதில்லை, வாரி எடுக்க வேண்டும். மெக்சிகன் என்ற பெயரில் கடைக்குக் கடை வேறு வேறு புல் தருகிறார்கள். பெயரை நம்பி வாங்காதீர்கள்.

சூரமங்கலம்: புதுசா போடறோம்ங்க. கட்டட வேலை முடிஞ்ச இடம், செம்மண்ணும் சரளையும் கலந்திருக்கு. எப்படித் தயார் பண்றது?

பணமும் உழைப்பும் இங்கேதான் போக வேண்டும். மேலே நான்கு அங்குல மண்ணைக் கொட்டி, மண்ணோடு பெயர்த்து விற்கும் புல் கம்பளத்தை விரித்துவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. வேர் இறங்க இடமில்லாத புல் எந்த வகையாக இருந்தாலும் தினமும் தண்ணீர் கேட்கும்.

ஒன்பது அங்குல ஆழம் கொத்துங்கள். சிமென்ட் கட்டி, ஜல்லி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். நன்கு மக்கிய தொழுவுரத்தை ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்பி முழு ஆழத்திலும் கலக்குங்கள். 1,000 சதுர அடிக்கு 83 கன அடி, ஒரு யூனிட்டுக்குச் (100 கன அடி) சற்றுக் குறைவு. மக்காத சாணம் வேண்டாம், கரையானும் வேர்ப்புழுவும் கூடவே வரும். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே லேசான வாட்டம் கொடுங்கள். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு வாரம் காத்திருந்து, முளைக்கும் களையை எடுத்துவிட்டு நடுங்கள்.

கம்பளமாக விரிப்பதைவிட, கணுவுள்ள கொடித் துண்டுகளை நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றுவது மேல். சதுர அடிக்கு ஒன்பது துண்டு. கம்பளங்கள் பெரும்பாலும் களிமண்ணில் வளர்த்தவை. அந்தக் களிமண் தகடு செம்மண்ணோடு ஒட்டாமல் தனியாக நிற்பதால் வேர் கீழே போகாது. கம்பளம்தான் கிடைத்தது என்றால் தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கழுவிவிட்டுப் பிரித்து நடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பருக்குள் நட்டுவிடுங்கள். முதல் மூன்று வாரம் தினமும் ஈரம் வேண்டும்; அந்தப் பங்கை மழை பார்த்துக்கொள்ளும். ஏப்ரலில் நட்டால் அந்தத் தண்ணீர் முழுவதையும் நீங்களே விட வேண்டியிருக்கும்.

குகை: கோரை விடவே மாட்டேங்குதுங்க அண்ணா.

மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே தங்கி இரட்டிப்பாகும். நடுவதற்கு முன் கிழங்கோடு தோண்டி எடுப்பதுதான் வழி. மண்ணை நனைத்துக் கண்ணாடி பாலிதீன் விரித்து ஆறு வாரம் கோடை வெயிலில் வைத்தால் மற்ற களை விதைகள் வெந்துவிடும். கோரைக் கிழங்கு ஆழத்தில் தப்பிவிடும். அருகு நெருங்கி மூடிவிட்டால் கோரை ஓரளவு அடங்கும்.

மாமாங்கம்: எங்க பக்கம் வெள்ளைக்கல் மண்ணு. தண்ணி தேங்கி நிக்குது, காஞ்சா பாறை மாதிரி ஆயிடுது.

உங்கள் பகுதி மாக்னசைட் என்ற வெள்ளைக்கல் பூமி. மண்ணில் மக்னீசியம் மிகுந்து சுண்ணாம்புச் சத்து குறைந்தால் மண் இறுகும், தண்ணீர் இறங்காது. சுண்ணாம்புத் தூள் போடாதீர்கள். உங்கள் மண்ணில் ஏற்கெனவே காரத்தன்மை அதிகமாக இருக்கக்கூடும். காரத்தைக் கூட்டாமல் சுண்ணாம்புச் சத்து தரும் ஜிப்சம்தான் பொருத்தம், 100 சதுர அடிக்கு 2 கிலோ, கொத்தும்போது தொழுவுரத்தோடு கலக்க வேண்டும். அதற்கு முன் மண் பரிசோதனை அவசியம். எங்கே, எப்படிக் கொடுப்பது என்று சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

அம்மாபேட்டை: வாஷிங் மெஷின் தண்ணி, ஆர்.ஓ. கழிவுத் தண்ணி புல்லுக்கு விடலாங்களா?

விடலாம், அளவோடு. மெஷினின் முதல் சோப்புத் தண்ணீரைத் தவிர்த்து, அலசிய தண்ணீரை மட்டும் விடுங்கள். சோப்புத் தூளிலுள்ள சோடியம் மண்ணின் துளைகளை அடைக்கும். ஒரு நாளுக்கு மேல் சேமிக்காதீர்கள், நாறும். தெளிக்காமல் தரையோடு பாய்ச்சுங்கள். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 2,000-ஐத் தாண்டினால் சம அளவு நல்ல தண்ணீர் கலக்கவும். அருகு உப்பைத் தாங்கும்; ஓரத்திலிருக்கும் ரோஜா தாங்காது.

கண்ணங்குறிச்சி: மாமர நிழல்ல எந்தப் புல்லுங்க வரும்?

அடர்நிழலில் எதுவும் வேண்டாம். உதிரும் இலையையே மூடாக்காகப் போட்டுவிடுங்கள், மரத்துக்கும் நல்லது. அரைநிழலுக்கு அகல இலை எருமைப்புல் வரும், ஆனால் அதிகம் குடிக்கும்.

ஏற்காடு: மலையில மழை நிறைய. ஆனா பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் தண்ணிக்குக் கஷ்டம். சரிவான இடம் வேற.

அருகுக்கு மூடுபனி ஆகாது, சில்வர் ஓக் நிழலும் ஆகாது. உங்களுக்கு கொரியன்தான் பொருந்தும். சரிவில் மழைநீர் வழிந்தோடுவதே முதல் நஷ்டம். சரிவுக்குக் குறுக்காகச் சிறு வரப்பு வைத்து, வரப்பில் வெட்டிவேர் நடுங்கள். மண் புளிப்பாக இருக்கலாம், பரிசோதித்த பின் வேளாண் சுண்ணாம்பு போடலாம். கிக்குயு புல்லைக் கொண்டுவராதீர்கள். வேலி தாண்டிப் பரவினால் நிறுத்துவது கடினம்.

கொண்டலாம்பட்டி: மே மாசம் புல் முழுக்கப் பழுப்பாயிடுச்சுங்க. செத்துப் போச்சா? யூரியா போடலாமா?

யூரியா இப்போது வேண்டவே வேண்டாம். காய்ந்த புல்லை உரம் இன்னும் கருக்கும்.

பிடித்து இழுத்துப் பாருங்கள். வேர் விடாமல் பிடித்து, தரையோடு ஒட்டிய கணு வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் உயிர் இருக்கிறது; அருகு அப்படித்தான் வறட்சியில் உறங்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக ஒரு தண்ணீர் கொடுத்தால் கணு பிழைத்திருக்கும். மழை வந்து தளிர்க்கும்வரை மேலே நடக்காதீர்கள், வண்டி நிறுத்தாதீர்கள், வெட்டவும் வேண்டாம். பாய் போலக் கையோடு வந்துவிட்டால் வேர்ப்புழு தின்றிருக்கும்; அந்த இடத்தைத் தோண்டிப் பாருங்கள். நல்ல மழை இரண்டு பெய்து தளிர் வந்த பிறகு 1,000 சதுர அடிக்கு 1 கிலோ யூரியா தூவி உடனே தண்ணீர் விடுங்கள். வெட்டும்போது ஒன்றரை அங்குலம் நிற்கட்டும், ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.